அக்கறைப்பட்டே செய்யும் தவறுகள்

அசட்டையால் செய்யும் தவறை யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, செய்தவருக்கே தெரியும். எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது இன்னொரு வகை. பொறுப்பான ஆட்கள், நல்லது செய்கிறோம் என்று நம்பி, வருடக்கணக்கில் விடாமல் செய்யும் தவறுகள். செல்போன், ஃப்ரிட்ஜ், வீட்டு நாய், பூனை என்று தினமும் கைபடும் இடங்களில்தான் இவை அதிகம். பலவற்றுக்கும் பின்னால் ஒரு காலத்தில் உருப்படியான காரணம் இருந்திருக்கும். காரணம் போன பிறகும் பழக்கம் போகவில்லை.

பேட்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்த பிறகுதான் போட வேண்டும்' என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் புழங்கிய நாளில் அது நியாயமான அறிவுரை. பாதியிலேயே திரும்பத் திரும்ப சார்ஜ் போட்டால் அவற்றின் கொள்ளளவு குறைந்துபோகும் என்ற பயம் இருந்தது. 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம்-அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய ஃபோன்களில் இருப்பது அந்த வம்சம். அதன் குணமே வேறு: அடிக்கடி அடிமட்டம் வரை வடிவதும் அதற்கு ஆகாது, 100 சதவீதத்தில் மணிக்கணக்காக நிற்பதும் ஆகாது. 20-க்கும் 80-க்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தால் நீண்ட நாள் உழைக்கும். அதற்காக 79 ஆனதும் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கத் தேவையில்லை. பல ஃபோன்களில் 80-இல் நிறுத்தச் சொல்லும் வசதி செட்டிங்ஸிலேயே இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

சதவீதத்தைவிட சூடுதான் பேட்டரிக்குப் பெரிய எதிரி. ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சதவீதத்தை உன்னிப்பாகக் கவனிப்பவரே ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்து இரவெல்லாம் சார்ஜ் போடுவார்.

பின்னணியில் இருக்கும் ஆப்களை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடுவதும் இதே ரகம். பார்க்க சுத்தமாக இருக்கும், மனதுக்கும் ஒரு நிம்மதி. ஆனால் அங்கே வரிசையாகத் தெரியும் ஆப்களில் பெரும்பாலானவை உறங்கிக்கிடப்பவை. மூடியதை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் அதிக மின்சாரம் செலவாகும். இப்படி மூடுவதால் பேட்டரி மிச்சமாகாது என்று ஆப்பிள், ஆண்ட்ராய்டு இரு தரப்பு உயர் பொறுப்பாளர்களும் 2016-இலேயே சொல்லிவிட்டார்கள். மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும் ஆப்பை மட்டும் மூடினால் போதும்.

தண்ணீரில் விழுந்த ஃபோனை அரிசிக்குள் புதைப்பதையும் சொல்லியாக வேண்டும். அரிசி ஈரத்தை இழுத்துவிடும் என்பது நம்பிக்கை. ஃபோனின் வயிற்றுக்குள் புகுந்த நீரை வெளியே இருக்கும் அரிசியால் உறிஞ்சி எடுக்க முடியாது. அரிசியில் இருக்கும் மாவுத்தூளும் குருணையும் சார்ஜ் போடும் துளைக்குள் போய் ஈரத்தோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். ஊசியால் நோண்ட வேண்டிய நிலை வரும். அரிசிப் பைக்குள் வைக்காதீர்கள் என்று ஆப்பிளே தன் உதவிக் குறிப்பில் எழுதியிருக்கிறது. துளை கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி நீரை இறக்க வேண்டும். அப்புறம் காற்றோட்டமான இடத்தில் காயவிட வேண்டும். முழுதாகக் காய ஒரு நாள்கூட ஆகலாம். அதுவரை சார்ஜ் ஒயரைச் செருகக் கூடாது.

இன்னொன்று, போகிறபோக்கில்: படங்கள் கிளவுடில் ஏறுகின்றன என்பதாலேயே அவை பத்திரமாகிவிட்டன என்று நினைப்பது. ஒத்திசைவு (சிங்க்) வேறு, நகல் வேறு. ஒத்திசைவில் இருக்கும்போது ஃபோனில் ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழியும். முக்கியமான படங்களுக்குத் தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி இருக்கட்டும்.

சரி, சமையலறைக்கு வருவோம். 'சூடாக வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும்' என்று மீந்த சாப்பாட்டை மேடையில் பல மணி நேரம் ஆறவிடுகிறோம். ஃப்ரிட்ஜ் மேல் அக்கறை, வயிற்றின் மேல் இல்லை. 4 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பம் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். சூழல் தோதாக அமைந்தால் சில வகைகள் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். எனவே சமைத்த உணவு 2 மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும். வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான். பெரிய பாத்திரத்தோடு அப்படியே வைக்காமல் ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து வைத்தால் சீக்கிரம் குளிரும், ஃப்ரிட்ஜுக்கும் சிரமமில்லை.

சோற்றில் ஒரு கூடுதல் சிக்கல். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியலிலும் சாகாது. சோறு வெளியே கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகும். வாந்தியை உண்டாக்கும் அதன் நச்சு, மறுபடி சூடு செய்தாலும் அழியாது. 'நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டேன்' என்ற சமாதானம் இங்கே செல்லாது. மோந்து பார்ப்பதும் உதவாது. நோய் தரும் கிருமிகள் பலவும் வாசனையை மாற்றுவதில்லை.

பச்சைக் கோழிக்கறியைக் குழாயடியில் கழுவுவதும் சுத்தத்தின் பேரில் நடக்கும் அசுத்தம். தெறிக்கும் நீரோடு சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் கிருமிகள் தொட்டியிலும் மேடையிலும் பக்கத்தில் காயும் தட்டிலும் போய் உட்காரும். கிருமியைக் கொல்வது அடுப்பின் வேலை: கறியின் உள்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் போதும். கழுவாமல் மனது ஒப்பவில்லை என்றால், குழாயை நேரடியாகத் திறந்துவிடாமல் பாத்திரத்து நீரில் மெதுவாக அலசிவிட்டு, அந்த இடம் முழுவதையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

இனி நாய், பூனை. அன்பு அதிகம் என்பதால் தவறும் இங்கேதான் அதிகம்.

பூனைக்கு ஒரு கிண்ணம் பால் வைக்காதவர் யார்? அதுவும் கண்ணை மூடி நக்கும். ஆனால் குட்டிப் பருவம் தாண்டிய பெரும்பாலான பூனைகளுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. அதன் விலை மறுநாள் மணல் தட்டில் தெரியும். பாலின் இனிப்புக்காகத்தான் ஓடிவருகிறது என்று நினைத்தால் அதுவும் இல்லை. இனிப்பை உணரத் தேவையான மரபணு பூனை இனத்தில் செயலிழந்துவிட்டது. அது தேடுவது கொழுப்பை. பாலுக்குப் பதில் சுத்தமான தண்ணீரைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள்.

இரண்டும் இருக்கும் வீட்டில் நாயின் தீனியையே பூனைக்கும் போடுவது அடுத்தது. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே வர வேண்டும். நாய்த் தீனியில் அது போதுமான அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. தொடர்ந்து குறைந்தால் பார்வை போகும், இதயத் தசை தளரும்.

மருந்துகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். காய்ச்சல் என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், கால் மாத்திரைகூட வேண்டாம். அதை முறிக்கும் வழி பூனையின் கல்லீரலுக்குப் போதாது; ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாக மாறும், உயிருக்கே ஆபத்து. நாய் உண்ணிக்காகக் கழுத்தில் விடும் பெர்மெத்ரின் மருந்து மிஞ்சியிருக்கிறதே என்று பூனைக்கும் விடுவது அதே அளவு ஆபத்து. பூங்கொத்தில் லில்லி வந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தைப் பூனை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கலாம்.

நாய்க்காரர்களின் வழக்கமான தவறு வேறு. வீடு திரும்புகிறோம், தலையணை பஞ்சு பஞ்சாகக் கிடக்கிறது, நாய் காதை மடக்கி ஓரக்கண்ணால் பார்க்கிறது. 'பார், தப்புச் செய்தது அதற்கே தெரிகிறது' என்று திட்டு விழும். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. தின்னக் கூடாது என்று சொல்லப்பட்ட பண்டத்தைத் தின்ற நாயும் தின்னாத நாயும் அந்த முகத்தைக் காட்டின. உரிமையாளர் திட்டியபோதுதான் அது அதிகம் தெரிந்தது. அது குற்றவுணர்ச்சி அல்ல, நம் முகத்தைப் படித்து வந்த பயம். மூன்று மணி நேரத்துக்கு முன் கிழித்த தலையணைக்கும் இப்போதைய திட்டுக்கும் நாய் முடிச்சுப் போடாது. கதவு திறந்தால் வம்பு என்றுதான் கற்றுக்கொள்ளும்.

சாக்லேட், வெங்காயம், திராட்சை, சர்க்கரையில்லா சூயிங்கம்மில் சேரும் சைலிட்டால் என்ற இனிப்பு, இந்த நான்கையும் நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சைலிட்டால் அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடலாம். தின்றுவிட்டது தெரிந்ததும் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தியெடுக்க வைக்கப் பார்ப்பார்கள்; அந்த உப்பே தனி விஷமாகிவிடும். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். பண்டத்தின் உறையைக் குப்பையில் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள்.