துளை நீள்வட்டமா? பாரலின் முறுக்கை அளந்து பாருங்கள்

.223 ரெமிங்டன் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். 100 மீட்டரில் குண்டுகள் ஓரடி அகலத்துக்குச் சிதறின. ஸ்கோப் மவுண்ட் திருகுகளை இறுக்கியும், பாரலில் (துப்பாக்கிக் குழலில்) படிந்த செம்பைக் கரைத்தெடுத்தும் நாலு நாள் வீண். இலக்கு அட்டையைக் கிட்டத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது: துளைகள் சாவித்துவாரம் மாதிரி நீண்டிருந்தன. குண்டு பக்கவாட்டில் புரண்டிருக்கிறது.

தோட்டா இல்லையென உறுதிசெய்து, கைப்பிடியில் தாராளமாகச் சுழலும் கிளீனிங் ராடில் இறுக்கமாகத் துணி சுற்றி பாரலுக்குள் தள்ளினேன். உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் திருகு வரிகளோடு ராடும் சுழலும்; அதுதான் முறுக்கு. ராடு ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 12 அங்குலம் எடுத்தது. வாங்கியிருந்ததோ 75 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டு. அதற்கு 8 அல்லது 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும்; சுழற்சி போதாவிட்டால் புரளும்.

55 கிரெய்ன் சாஃப்ட் பாயிண்டுக்கு (முனையில் ஈயம் தெரியும் குண்டு) மாறியதும் சிதறல் ஒன்றரை அங்குலத்துக்குள் அடங்கியது. அப்பாடா! உண்மையில் எடையைவிட நீளம்தான் கணக்கு. ஈயமில்லாச் செம்புக் குண்டு அதே எடையில் இன்னும் நீளமாக இருக்கும்.