கோவிட் சோர்வு போகவில்லையா? ஆன்டிபாடி டெஸ்ட்டுக்குப் பணம் கட்டும் முன்

லேபில் ஏஎன்ஏ (செல்லின் உட்கருவைத் தாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் டெஸ்ட்) ஸ்லைடு பார்ப்பது என் வேலை. கோவிட் வந்துபோய் மாதக்கணக்கில் சோர்வோடு கிடப்பவர்கள் இப்போதெல்லாம் டாக்டர் சீட்டு கூட இல்லாமல் கவுன்டருக்கு வந்து, "ஆட்டோஆன்டிபாடி எல்லாம் சேர்த்து எடுத்துடுங்க மேடம்" என்கிறார்கள். நம் உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்கும் ஆன்டிபாடிகள்தான் இவை. கேட்பதில் தப்பில்லை, வரிசைதான் முக்கியம்.

முதலில் சாதாரண டெஸ்ட்டுகள்: ரத்த அணு எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பில் சேர்த்துவைத்த இரும்புச்சத்து), பி12, சர்க்கரை, தைராய்டு, கிட்னி, லிவர். இவற்றில் ஏதாவது சரியில்லை என்றால் கையில் மருந்து இருக்கிறது. கோவிடுக்குப் பிறகு முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள். சில மெஷின்களில் தைராய்டு டெஸ்ட்டில் வரும் டிஎஸ்எச் அளவை அது பொய்யாகக் குறைத்துக் காட்டும். டாக்டரைக் கேட்டு 2 நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள்.

அடுத்து ஏஎன்ஏ. மூட்டு வீக்கம், முகத்தில் தடிப்பு, கண்ணும் வாயும் வறண்டுபோவது, குளிரில் விரல் வெளுப்பது போன்றவை இருந்தால் டாக்டரிடம் சொல்லி எடுங்கள். வெறும் சோர்வுக்கு எடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஏன் என்றால், செல்கள் ஒட்டிய ஸ்லைடில் உங்கள் சீரத்தை (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்) நீர்க்க வைத்து ஊற்றி, ஒளிரும் சாயம் சேர்த்து இருட்டறையில் பார்ப்போம். ஆன்டிபாடி இருந்தால் செல்லின் உட்கரு பச்சையாக மினுங்கும். 40 மடங்கு நீர்த்த பிறகும் மினுங்கினால் 1:40. நோயே இல்லாதவர்களில் 100க்கு சுமார் 30 பேருக்கு இந்த அளவில் மினுங்கும். 1:160ல் கூட 5 பேருக்கு. எல்லைக்கோட்டில் இருக்கும் ஸ்லைடை நான் 1:80 என்பேன், பக்கத்து சீட்டில் இருப்பவர் 1:160 என்பார். அதனால் ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்ற சொல்லை விட்டுவிட்டு, எண்ணையும் அதற்குக் கீழே எழுதியிருக்கும் பேட்டர்னையும் (எந்த மாதிரி மினுங்குகிறது என்பது) பாருங்கள். மாதாமாதம் திரும்ப எடுப்பது வீண்செலவு.

கடைசியாக, ஜெர்மனிக்கு ரத்தம் அனுப்பிச் செய்யும் ஜிபிசிஆர் ஆன்டிபாடி டெஸ்ட். இதயத் துடிப்பையும் ரத்தக்குழாய்களையும் ஆட்டிவைக்கும் ஏற்பிகள் (செல்லின் மேல் இருந்து செய்தி வாங்கும் புரதங்கள், ஜிபிசிஆர் என்பது இவற்றின் வகைப்பெயர்) மீது ஒட்டும் ஆன்டிபாடிகள், நாள்பட்ட சோர்வு நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அதிகமாக இருப்பதை பெர்லின் சாரிட்டே மருத்துவமனைக் குழு 2016ல் எழுதியது. லாங் கோவிட் (கோவிட் போன பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் தொல்லை) நோயாளிகளின் ஆன்டிபாடியை எலிக்குச் செலுத்தியபோது அதற்கு வலியுணர்வு கூடியதை வேறு ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். விஷயம் இருக்கிறது. ஆனால் இதே ஆன்டிபாடிகள் நல்ல உடம்புக்காரர்களிடமும் உண்டு, ரிசல்ட்டை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. மருந்துப் பக்கமும் இன்னும் கைகொடுக்கவில்லை. ஆன்டிபாடி உண்டாக்கும் பி செல்களை அழிக்கும் ரிடுக்ஸிமாப்பை நார்வேயில் 151 நாள்பட்ட சோர்வு நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2019ல் வந்த முடிவில், மருந்து பெற்றவர்களில் 26 சதவீதம் பேர் தேறினார்கள், வெறும் டிரிப் ஏற்றியவர்களில் 35 சதவீதம்! ஜிபிசிஆர் ஆன்டிபாடிகளைச் செயலிழக்கச் செய்வதற்கென்றே வந்த பிசி007 மருந்தும் 2024ல் லாங் கோவிட் சோதனையில் தேறவில்லை. இந்த டெஸ்ட்டுக்கு நான் பணம் கட்டமாட்டேன்.

காசில்லாமல் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். கொஞ்ச நேரம் படுத்திருந்து நாடித்துடிப்பை எண்ணுங்கள். பிறகு எழுந்து சுவரில் சாய்ந்து 10 நிமிடம் அசையாமல் நின்று, நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக் குறியுங்கள். ரத்த அழுத்தம் இறங்காமல் துடிப்பு மட்டும் படுத்திருந்தபோது எண்ணியதைவிட 30க்கு மேல் ஏறி அப்படியே நின்றால் பாட்ஸ் (எழுந்து நின்றால் துடிப்பு எகிறுவது) என்ற பிரச்சினையாக இருக்கலாம். அதைச் சமாளிக்க வழிகள் உண்டு. கூடவே, வேலை செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு படுத்துகிறதா என்றும் எழுதுங்கள். படுத்தினால் 'நட, ஓடு, சரியாகிவிடும்' என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

நிற்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். கண் இருட்டினால் உடனே படுத்துவிடுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுதினாலே டாக்டருக்குப் போதும்.