இத்தாலியச் செடான் வாங்க நினைக்கும் கடற்கரைக்காரர்களுக்கு

என் தங்கை மகன் துபாயில் இருக்கிறான். ஏழு ஆண்டுகளாக ஒரே ஜப்பானியச் செடானை ஓட்டி, அதற்கு ஆயிலும் டயரும் பேட்டரியும் மாற்றியதைத் தவிர வேறெதுவும் செய்து பழகாத அவன், சென்ற மாதம் தொலைபேசியில், "மாமா, அடுத்த வண்டி ஆல்ஃபா ரோமியோ ஜூலியாதான். ஊரோடு வந்த பிறகு மசெராட்டி கிப்ளி ஒன்று பழையதாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்றான். ஷார்ஜாவில் ஓர் ஒர்க்ஷாப்பில் பல ஆண்டுகள் ஐரோப்பிய வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் என்ற உரிமையில், அவனிடம் சொன்னவற்றை இங்கே விரிவாக எழுதுகிறேன். எந்த வண்டி, என்ன நிறம் என்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். யார் பழுதுபார்ப்பார், இரவில் எங்கே நிற்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்காமல் விளம்பரங்களைப் புரட்டத் தொடங்காதீர்கள்.

முதலில், வண்டி வளைகுடாக் கரையில் ஓடப்போகிறதா, நம் இராமநாதபுரக் கரையிலா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வளைகுடாவில் வாங்கும் ஜூலியாவைப் பின்னர் ஊருக்குக் கொண்டுவந்துவிடலாம் என்ற எண்ணத்தோடு வாங்குவோர் உண்டு. அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். இந்தியாவில் இறக்குமதி செய்யும் கார் வலப்பக்க ஸ்டீயரிங் உடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. பழைய கார் என்றால் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாததாகவும் இருக்க வேண்டும். எல்லாம் பொருந்தினாலும், சுங்கவரியும் மற்ற வரிகளும் சேர்ந்து வண்டியின் விலையையே விஞ்சிவிடும். ஆல்ஃபா ரோமியோ இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்கப்படுவதும் இல்லை. ஆகவே அங்கே இருக்கும்வரை ஜூலியா, இங்கே வந்தபின் மசெராட்டி என்று என் மருமகன் பிரித்துச் சொன்னது தற்செயலாகச் சரியாகவே அமைந்துவிட்டது.

இந்த வண்டிகளின் மீது மனம் போவதில் வியப்பில்லை. 2015-ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று, ஆல்ஃபா நிறுவனம் தொடங்கி 105 ஆண்டுகள் நிறைந்த நாளில், ஜூலியா அறிமுகமானது. அதன் உச்ச வகையான குவாட்ரிஃபோலியோவில் 2.9 லிட்டர் இரட்டை டர்போ வி6 எஞ்சின் 510 குதிரைத்திறன் தருகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தை 3.9 விநாடிகளில் எட்டுகிறது. ஆனால் ஜூலியாவின் சிறப்பு இந்த எண்களில் இல்லை. 2 லிட்டர் எஞ்சின் கொண்ட சாதாரண ஜூலியாவிலும் அதே விரைவான ஸ்டீயரிங் உண்டு. கையைச் சற்றுத் திருப்பினால் போதும், வண்டியின் மூக்கு நீங்கள் பார்த்த இடத்துக்குப் போய்விடும். குவாட்ரிஃபோலியோவை வாங்க முடியாதவர் எதையோ இழந்துவிட்டதாக வருந்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. கிப்ளி வேறு குணம். கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் நீளம், கண்ணாடிகளை விட்டுவிட்டே 1,945 மில்லிமீட்டர் அகலம், ஃபெராரியின் மாரனெல்லோ ஆலையில் செய்யப்பட்ட 3 லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சின், அதன் உறுமல். கிப்ளி என்பது லிபியப் பாலைவனத்தில் வீசும் வெப்பக் காற்றின் பெயர். கச்சானையும் வாடையையும் பெயர்சொல்லி அழைக்கும் நம் கரைக்காரர்களுக்கு, காற்றின் பெயரை வண்டிக்கு வைப்பது விசித்திரமாகத் தோன்றாது. அகலத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். கீழக்கரையின் உள்தெருக்களில் வீடு உள்ளவர்கள், வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன் தெருத் திருப்பத்தை டேப் வைத்து அளந்துகொள்ள வேண்டும்.

இனிப் பழுதுபார்ப்பவர். துபாய், ஷார்ஜாவில் இத்தாலிய வண்டி தெரிந்த தனி ஒர்க்ஷாப்கள் உண்டு. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, அவர்களிடம் ஆல்ஃபாவுக்கு உரிய ஸ்கேனர் இருக்கிறதா என்பதே. 2018-க்குப் பிந்தைய ஜூலியாக்களில் மின்னணு அமைப்புக்கு ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். பொதுவான ஸ்கேனரைச் செருகினால் பிழையைப் படிக்கலாமே தவிர, அழிக்கவோ மாற்றவோ அது விடாது. பிரேக்கும் மின்னணு வழியாகவே இயங்குவதால், பிரேக் ஆயில் மாற்றுவதற்குக்கூடத் தெரிந்த கை வேண்டும். இந்தியாவில் நிலைமை இன்னும் இறுக்கமானது. மசெராட்டி நிலையங்கள் பெருநகரங்களோடு நின்றுவிடுகின்றன. நாம் பெங்களூருக்குப் போக வேண்டுமென்றால் இராமநாதபுரத்திலிருந்து ஏறக்குறைய 550 கிலோமீட்டர். வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுத்துப் போக முடியாது. நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் லாரிதான் வேண்டும். அந்த லாரிக்கு ஒரு முறை வாடகை எவ்வளவு என்று இன்றே விசாரித்து, அந்தத் தொகையை ஆண்டுக்கு இரண்டு முறை செலவழிக்க மனம் ஒப்புகிறதா என்று பாருங்கள்.

ஆறுதலான செய்தியும் உண்டு. இத்தாலிய வண்டியில் உள்ள எல்லாமே இத்தாலியில் மட்டும் கிடைப்பவை அல்ல. ஜூலியாவிலும் கிப்ளியிலும் இருக்கும் எட்டு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவன வடிவமைப்பு; பி.எம்.டபிள்யூ. வண்டிகளிலும் அதே குடும்பத்துக் கியர்பாக்ஸ்தான் இருக்கிறது. அதனால் மதுரையிலோ சென்னையிலோ அதைக் கையாண்ட மெக்கானிக்கைக் கண்டுபிடிப்பது கடினமன்று. வாழ்நாள் முழுவதும் கியர் ஆயில் மாற்ற வேண்டியதில்லை என்று விற்பவர் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள்; கியர்பாக்ஸைச் செய்த நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அதன் அடிச்சட்டி பிளாஸ்டிக்கால் ஆனது, ஃபில்டர் அதனுள்ளேயே இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் மாற வேண்டும். கழற்றிய பாகத்தைத் துடைத்துப் பாருங்கள்; பல பாகங்களில் போஷ், பிரெம்போ போன்ற சப்ளையர் பெயரும் எண்ணும் தெரியும். அந்த எண்ணை வைத்துத் தேடினால் விலை பாதியாகக் குறைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடுத்தது உப்பு. இதைப் பற்றி நம் கரையில் யாரும் வண்டி விற்பவரிடம் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், கடலிலிருந்து நான்கு தெரு தள்ளிய ஒரு வீட்டில், ஐப்பசியில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வைகாசியில் திறந்த ஓர் ஐரோப்பியச் செடானைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். மேலே வண்ணம் கண்ணாடிபோல் இருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போனேன். சஸ்பென்ஷனின் அலுமினியக் கையில் இரும்பு போல்ட் நுழையும் இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டியபோது சுவர்ச் சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. பிரேக் டிஸ்க்கில், பேட் ஒட்டிக்கொண்டிருந்த இடம் மட்டும் அச்சு எடுத்ததுபோல் தெரிந்தது. முன்புறம் ஏ.சி. கண்டென்சரின் கீழ்வரிசைத் தகடுகளை விரலால் தொட்டேன்; அவை அப்பளம்போல் நொறுங்கின. அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால், ஒரு சிறு பேட்டரிபோல் வேலை செய்து, அலுமினியத்தை அரித்துவிடும். எடையைக் குறைப்பதற்காக அலுமினியத்தை அள்ளிப் போட்டிருக்கும் இத்தாலியச் செடான்களுக்கு இது இரட்டைக் கேடு.

ஆகையால் காற்றோட்டமுள்ள, கூரை வேய்ந்த, தரை உலர்ந்திருக்கும் ஷெட் இல்லாமல் இந்த வண்டியை இங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். தார்ப்பாய் ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். மூடித்தான் ஆக வேண்டுமென்றால் காற்றுப் புகும் துணி உறை வாங்குங்கள். வாரம் ஒருமுறை அடிப்பாகத்தை நீர் அடித்துக் கழுவ வேண்டும். எந்த நீரில் என்பதே நம் மாவட்டத்தின் தனிக் கேள்வி. போர்வெல் நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கிறது. அதில் கழுவுவது உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதே. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரைச் சிக்கனம் கருதிப் பிடித்துவைத்துக் கழுவுவோரையும் கண்டிருக்கிறேன். அதில் உப்பு இன்னும் அடர்த்தியாக இருக்கும். குழாயில் வரும் காவிரி நீரோ சேமித்த மழைநீரோதான் ஏற்றது. பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி, அரிச்சல்முனை வரை போய்வந்த நாளில், வாரம் பார்க்காமல் அன்றிரவே கழுவிவிடுங்கள். அங்கே காற்றோடு மணலும் சேர்ந்து வரும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், காரணம் கேட்டுவிட்டு மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள். பானட்டின் மேல் கையை வைத்தாலே தெரிந்துவிடும். குளிர்ந்த எஞ்சினை இயக்கி, முதல் ஒரு நிமிடம் பேசாமல் நின்று கேளுங்கள். சாதாரண ஜூலியாவின் 2 லிட்டர் எஞ்சினில், காற்று உட்புகும் வால்வுகளைத் திறப்பதே எஞ்சின் ஆயிலின் அழுத்தம்தான். காலத்தில் ஆயில் மாற்றாத வண்டி அந்த நேரத்தில் காட்டிக்கொடுக்கும். பிறகு வேகத்தடை ஒன்றின் மேல் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். கிப்ளியின் முன்பக்கத்தில் கட்டில் கிறீச்சிடுவதுபோல் சத்தம் வந்தால் சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள். வண்டியை விட்டுவிட வேண்டிய குறையன்று, விலையைக் குறைக்க வேண்டிய குறை. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: முதல் இரண்டு டயரைத் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. டிக்கியைத் திறந்து பாருங்கள். ஜூலியாவில் ஸ்டெப்னி இராது, பஞ்சர் ஒட்டும் பசையும் காற்றடிக்கும் சிறு பம்பும்தான் இருக்கும்.

எச்சரிக்கை விளக்குகளைக் கண்டு மட்டும் உடனே பயப்படாதீர்கள். ஷார்ஜாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டாஷ்போர்டு முழுவதும் விளக்கெரிய வந்த ஓர் இத்தாலிய வண்டிக்கு, நானும் இன்னொருவரும் இரண்டு நாள் மெனக்கெட்டு ஒரு மின்னணுப் பெட்டியை மாற்றினோம். மூன்றாம் நாள் அதே விளக்குகளோடு திரும்பி வந்தது. பெரியவர் ஒருவர் வந்து, டிக்கியில் இருந்த பேட்டரியை அளந்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். இந்த வண்டிகளில் மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் பிரேக் முதல் ஸ்டீயரிங் வரை எல்லாம் முறையிடத் தொடங்கும். விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வருபவர்கள், நிற்கும் மாதங்களில் பேட்டரியைக் காக்கும் சிறு சார்ஜரை மாட்டிவைக்க வேண்டும்.

பெட்ரோலையும் கவனியுங்கள். இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஐரோப்பாவில் பரவலாக உள்ளதோ 10 சதவீதக் கலவை. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால், கடற்காற்றில் மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நிற்கும் வண்டிக்கு அது நல்லதன்று. வண்டியோடு வரும் குறிப்பேட்டில் எவ்வளவு எத்தனால் வரை அனுமதி என்று படித்துவிட்டு, உயர் ஆக்டேன் பெட்ரோல் நம் பக்கத்தில் எங்கே தொடர்ந்து கிடைக்கிறது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காகிதங்களில், சேஸிஸ் எண்ணிலிருந்து தொடங்குங்கள்: ஆல்ஃபாவுக்கு இசட்.ஏ.ஆர். என்றும், மசெராட்டிக்கு இசட்.ஏ.எம். என்றும் தொடங்க வேண்டும். ஜூலியா என்றால் அந்த எண்ணைக் கொடுத்து, 2019-இல், வேகத்தைத் தானே நிலையாக வைத்திருக்கும் குரூஸ் கண்ட்ரோலின் கோளாறுக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளில் ஒன்றா, திருத்தம் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். அமீரகப் பதிவு அட்டையான முல்கியாவில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருப்பதைக் கண்ணால் பாருங்கள். வெளிமாநிலக் கிப்ளி என்றால், அங்கிருந்து ஆட்சேபனையில்லாச் சான்று பெற்று, 12 மாதங்களுக்குள் இராமநாதபுரத்தின் டி.என். 65 பதிவுக்கு மாற்ற வேண்டும். இங்கே ஆயுள் வரி புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். 2023-இல் உயர்த்திய விகிதப்படி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு அது 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும் என்றாலும், முன்பணம் கொடுக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கணக்கிட்டு வாங்குங்கள். மலிவு என்று நினைத்து வாங்கியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழித்துக்கொள்கிறார்கள்.

எல்லாம் முடிந்து வண்டியைக் கொண்டுவருகிறீர்கள் என்றால், பகலில், உங்கள் கையாலேயே ஓட்டி வாருங்கள். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்குவழிச் சாலை. எட்டு கியரும் வரிசையாக விழுகின்றனவா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பரமக்குடியில் ஒரு தேநீர் குடிக்கும் நேரம் நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய், ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதிக்கிறதா என்று பாருங்கள். கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடியில் தரையைக் குனிந்து பாருங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் நிறமில்லாமல் இருக்கும். நிறமோ வழவழப்போ இருந்தால் மேற்கொண்டு ஓட்டாமல், வண்டி விற்றவரை அங்கிருந்தே கூப்பிடுங்கள்.