செங்காந்தள் கிழங்கு நடுறீங்களா? படுக்க வையுங்க

செங்காந்தள் கிழங்கை நிமிர்த்தி நடாமல் மண்ணில் படுக்க வைத்து, மேலே இரண்டு மூன்று அங்குலம் மண் போட்டாலே போதும். கலப்பை மாதிரி வளைந்திருக்கும் கிழங்கின் இரண்டு கை நுனியிலும்தான் முளை இருக்கும், நடுவில் எங்கேயும் வராது, அதனால் வளைவில் கவனமாக உடைத்தால் ஒரு கிழங்கு விலையில் இரண்டு கொடி கிடைக்கும். உடைத்த வாயை ஒரு நாள் நிழலில் காயவிட்டு நடுங்க, இல்லையென்றால் அழுகிவிடும். ஆனி, ஆடியில் நட்டால் கார்த்திகை வாக்கில் பூக்கும்.

விரல் அளவுகூட இல்லாத சின்னக் கிழங்கை உடைக்காதீங்க, அது அந்த வருஷம் பூக்க வலுவில்லாமல் வெறும் இலையோடு நின்றுவிடும். நுனி முறிந்த கிழங்கை வாங்கவே வேண்டாம்.

அப்புறம், கிழங்கு முதல் விதை வரை கொடிய விஷம். குழந்தைகளோ ஆடு மாடோ புழங்கும் இடமென்றால் இந்தக் கொடி வேண்டவே வேண்டாம்.