பென்சிவ்: எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

கூப்பிட்டால்கூடக் காதில் விழாத அளவுக்கு எதையோ நினைத்தபடி, முகத்தில் லேசான வாட்டத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒருவரை ஆங்கிலத்தில் சொல்ல பென்சிவ் (pensive) என்ற சொல்தான் பொருத்தம். அகராதியில் 'சிந்தனையில் ஆழ்ந்த' என்று மட்டும் பார்த்துவிட்டு யோசிக்கிற எல்லோருக்கும் இதை ஒட்டிவிடுகிறோம். தப்பு அங்கேதான்.

வேரைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது. லத்தீனில் பெண்டெரே என்றால் தொங்கவிடுதல், எடைபோடுதல் (தராசுத் தட்டு தொங்கத்தானே செய்யும்!). அதிலிருந்து வந்த பென்சாரே, முதலில் பொருளை நிறுத்துப் பார்ப்பதையும் அப்புறம் விஷயத்தை மனதுக்குள் நிறுத்துப் பார்ப்பதையும் குறித்தது. பிரெஞ்சில் அது 'நினைப்பது' என்றே ஆகி, பென்சிஃப் என்ற உரிச்சொல் வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. நாம் 'சீர்தூக்கிப் பார்த்தான்' என்கிறோமே, அதுவும் தராசு வேலைதான். பெண்டுலம், சஸ்பெண்ட், பென்ஷன் எல்லாம் ஒரே குடும்பம். ஒரு காலத்தில் உலோகத்தை நிறுத்துத்தான் பணம் கொடுத்தார்கள் என்பதால் எக்ஸ்பென்சிவ்வும் பங்காளிதான். பேன்சி (pansy) பூவின் பெயர்கூட 'நினைப்பு' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. எழுதுகிற பென் மட்டும் இதில் சேராது, அதன் வேர் இறகு.

சரி, எப்படிப் பயன்படுத்துவது? மனதில் கொஞ்சமாவது பாரம் இருக்கிறதா என்று பாருங்கள். புதிருக்கு விடை தேடி மண்டையை உடைத்துக்கொள்பவர் பென்சிவ் இல்லை. பழைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பவர் பென்சிவ். அழுகிற துக்கத்துக்கும் இது ஆகாது, அதற்கு சேட் (sad) போதும். ஆளுக்கு மட்டுமல்ல, முகம், பார்வை, மௌனம், மனநிலை எல்லாவற்றுக்கும் போடலாம்: பென்சிவ் லுக், பென்சிவ் மூட்.

யோசனையில் இருப்பதைச் சொல்லும் தாட்ஃபுல்லுக்கு (thoughtful) பதிலாக எல்லா இடத்திலும் இதைப் போடாதீர்கள். தாட்ஃபுல்லுக்கு 'அடுத்தவரை நினைத்துப் பார்த்து நடந்துகொள்கிற' என்ற இன்னொரு பொருளும் உண்டு, பென்சிவ்வுக்கு அது கிடையாது. பிறந்தநாளை ஞாபகம் வைத்து வாழ்த்திய ஒருவருக்கு 'ஹவ் பென்சிவ் ஆஃப் யூ' என்று நான் பதில் எழுதியிருக்கிறேன். என்னவோ அவர்தான் சோகமாக இருப்பது மாதிரி!

இன்னொன்று, இது எழுத்தில் அதிகம் புழங்குகிற சொல். நண்பரிடம் பேசும்போது லாஸ்ட் இன் தாட் (lost in thought) என்று சொன்னால் போதும், இயல்பாகவும் இருக்கும்.