கொட்டகையில் நிற்கும் ஆஸ்டின் செவனை இயக்குவதற்கு முன்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றின் வண்டிக் கொட்டகையில் பல்லாண்டுகளாக ஓடாமல் நிற்கும் ஆஸ்டின் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் சிறு கார் உங்கள் பொறுப்புக்கு வந்திருந்தால், பேட்டரியை மாட்டி ஸ்டார்ட்டரை அழுத்தும் ஆவலை முதலில் அடக்கிக்கொள்ள வேண்டும்.

1921 முதல் பிரிட்டனில் கார் வரி, குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு பவுண்டு என்று வாங்கப்பட்டது. அந்தக் குதிரைத்திறனைச் சிலிண்டர்களின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் கொண்டே கணக்கிட்டார்கள். ஆகவே, பக்கவண்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் மனைவி மக்களை ஏற்றிச் சென்றவர்களும் வாங்கக்கூடியதாக, 1922-இல் கார் தயாரிப்பாளர் ஹெர்பர்ட் ஆஸ்டின் 165 பவுண்டு விலையில் கொண்டுவந்த இந்தக் காரில், விட்டம் குறுகிய நான்கு சிலிண்டர்களும், இயந்திரத்தின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் தண்டைத் தாங்கும் இரண்டே மெயின் பேரிங்குகளும் அமைந்தன. தண்ணீர் பம்பு கிடையாது. இந்தச் சிக்கன அமைப்பே விலையைக் குறைத்தது. இன்று இதற்குத் தனிப் பக்குவம் தேவைப்படுவதும் அதனால்தான்.

ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது மெல்லிய எண்ணெய் விட்டுச் சில நாட்கள் ஊறவிடுங்கள். பிறகு இயந்திரத்தைக் கைப்பிடியால் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். அசையாவிட்டால் பலத்தைக் காட்டாமல் சிலிண்டர்களை மூடியிருக்கும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதே நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமானது எண்ணெய்ப் பாதை. ஜெட்டுகள் எனப்படும் நுண்துளைக் குழாய்கள் எண்ணெயைப் பீய்ச்சி, சுழலும் கிராங்க் தண்டுக்குள் செலுத்துகின்றன. அவற்றில் ஒன்று பழைய கசடால் அடைபட்டிருந்தாலும் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் உருகிவிடும். எனவே இயந்திரத்தின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான சம்ப்பை இறக்கி, எண்ணெயை வடிகட்டும் வலைத்தட்டைக் கழுவி, ஜெட்டுகளை மெல்லிய கம்பியால் துப்புரவாக்கிய பின்னரே புது எண்ணெய் ஊற்ற வேண்டும். மெக்கானிக் அவசரப்படுத்தினாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

மின்சாரம் 6 வோல்ட். இன்றைய 12 வோல்ட் பேட்டரியை மாட்டக் கூடாது.

வெந்நீர் மேலேறித் தண்ணீர் இறங்கும் இயற்கை ஓட்டத்தாலேயே இயந்திரம் குளிர்வதால், ரேடியேட்டரின் மேல் குழாய்வாய் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். உப்புப் படியும் ஆழ்துளைக் கிணற்று நீரைவிட, முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த மழைநீரே உகந்தது.

முதன்முறை இயந்திரம் ஓடும்போது எண்ணெய் அழுத்தமானி மிகக் குறைவாகவே காட்டும். இந்த வண்டிக்கு அது இயல்பு. முள் சற்றும் அசையாவிட்டால் மட்டும் உடனே நிறுத்தி, ஜெட்டுகளை மீண்டும் பாருங்கள்.