எகிப்து பத்தி எழுதுறப்போ நாம திரும்பத் திரும்ப பண்ற தப்புங்க

பண்டைய எகிப்துன்னதும் பிரமிடு, மம்மி, கிளியோபாட்ரா எல்லாம் ஒரே காலத்துல இருந்த மாதிரி மனசுல ஒட்டிக்குது, முதல் தப்பே அங்கதான் ஆரம்பிக்குது. கிசாவுல இருக்குற பெரிய பிரமிடு கூஃபு மன்னனுக்காக சுமார் கிமு 2560ல கட்டி முடிச்சது. கிளியோபாட்ரா செத்தது கிமு 30ல. நடுவுல 2500 வருஷம். அவங்க காலத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் எண்ணினாலே 2050 வருஷம் சொச்சம்தான் வருது, அப்போ பிரமிடு கட்டினவங்களை விட நமக்குத்தான் அவங்க கிட்ட. இனத்தாலயும் அவங்க மாசிடோனிய கிரேக்க வம்சம். துட்டன்காமுன்ங்கிற ராஜா வாழ்ந்தது பெரிய பிரமிடுக்கு 1200 வருஷம் கழிச்சு, அவரை அடக்கம் பண்ணது பாறையைக் குடைஞ்ச கல்லறையில, பிரமிடுல இல்ல. அதனால "எகிப்தியர்கள் இப்படி நம்பினாங்க"னு எழுதும்போது எந்தக் காலத்து எகிப்தியர்கள்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோங்க. கூஃபுவை "பாரோ"னு கூப்பிடுறதுகூட பின்னாடி வந்த பழக்கம்தான். அந்த வார்த்தைக்கு "பெரிய வீடு"னு அர்த்தம், அவர் காலத்துல அது அரண்மனையைத்தான் குறிச்சுது, ராஜாவையே அப்படி சொன்னது ஆயிரம் வருஷத்துக்கு மேல கழிச்சு.

அடுத்தது எனக்கு ரொம்ப வலிக்கிற ஒண்ணு, சாட்டையால அடிச்சு அடிமைகளை வச்சுத்தான் பிரமிடு கட்டினாங்கங்கிற கதை. ஒரு லட்சம் பேர் வேலை செஞ்சாங்கனு கிரேக்க வரலாற்று எழுத்தாளர் ஹெரோடோட்டஸ் எழுதினார், ஆனா அவரே பிரமிடுக்கு 2000 வருஷம் கழிச்சு வந்தவர். விவிலியத்துல யாத்திராகமம் சொல்றதும் பித்தோம், ராமசேஸ்ங்கிற பண்டசாலைப் பட்டணங்களைப் பத்தி, அதுல பிரமிடு வரவே இல்ல. 1990ல கிசாவுல தொழிலாளிங்களோட கல்லறைகளே கிடைச்சுது, ராஜாவோட பிரமிடுக்குப் பக்கத்துலயே, சாப்பாடு பானை எல்லாம் வச்சு மரியாதையா அடக்கம் பண்ணியிருக்காங்க, சில எலும்புக்கூடுல கை கால் முறிஞ்சு அதை ஒழுங்கா கட்டி கூடிப்போன தடயம் இருக்கு. 2013ல செங்கடல் ஓரம் வாதி அல் ஜார்ஃப்ல பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தாலே குழு கண்டுபிடிச்ச பாப்பிரஸ்ல (நாணல்ல செஞ்ச பழைய தாள்) மெரெர்னு ஒரு மேஸ்திரியோட டைரியே இருக்கு, தூரா குவாரில இருந்து சுண்ணாம்புக்கல்லை படகுல ஏத்தி கிசாவுக்கு கொண்டு போனதை நாள் வாரியா எழுதி வச்சிருக்கார். எகிப்துல அடிமைங்களே இல்லனு நான் சொல்ல வரல, இருந்தாங்க, போர்க்கைதிங்க நிறைய பேர் அப்படி ஆனாங்க. பிரமிடு வேலைக்கு கிராமத்து ஆளுங்களை கட்டாயமா கூப்பிட்டும் இருப்பாங்க. ஆனா அந்த கல்லை இழுத்தவங்களுக்கு பேரும் குழுவும் சாப்பாட்டுக் கணக்கும் இருந்துச்சு, அதை நாம அழிச்சிடக் கூடாது.

இதையே இன்னும் மோசமா பண்றதுதான் வேற்றுகிரகவாசிங்க வந்து பிரமிடு கட்டினாங்கங்கிற கதை. பிரமிடு ஒண்ணும் திடீர்னு முளைக்கல. முதல்ல சக்காராவுல ஜோசெர் மன்னனுக்கு படிப்படியா ஒண்ணு கட்டினாங்க. அப்புறம் கூஃபுவோட அப்பா ஸ்னெஃப்ரு தாஷூர்ல கட்டும்போது பாதி உசரத்துல சாய்வை 54 டிகிரில இருந்து 43க்கு குறைக்க வேண்டி வந்துச்சு, அதனால அது இன்னைக்கும் வளைஞ்ச மாதிரிதான் நிக்குது. பக்கத்துலயே அடுத்ததை ஆரம்பத்துல இருந்தே 43லயே கட்டினாங்க. தப்பு பண்ணி கத்துக்கிட்ட தடயம் கண்ணு முன்னாடியே இருக்கு.

கல்லறையைத் திறந்தவங்களை மம்மி சாபம் கொன்னுச்சுங்கிற கதை பத்தி ரொம்ப பேச வேண்டாம். துட்டன்காமுன் கல்லறைல அப்படி ஒரு சாப வாசகம் கிடைக்கவே இல்ல. அந்த அகழாய்வுக்கு பணம் போட்ட கார்னார்வன் பிரபு 1923ல செத்தது கொசுக்கடி புண்ணாகி ரத்தத்துல கிருமி பரவினதால, ஆனா 1922ல கல்லறையைத் திறந்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரைக்கும் இருந்தார்.

நம்ம ஆளுங்க பண்ற ஒரு தப்பும் இருக்கு. ரெண்டாம் ராமசேஸ்ங்கிற ராஜாவோட மம்மி மூக்குல மிளகு கிடைச்சுது, உண்மைதான். எகிப்துல பெரெனிகே, குசைர் அல் கதீம் துறைமுகங்கள்ல தமிழ் பிராமி எழுத்து பொறிச்ச பானை ஓடுங்க கிடைச்சுது, அதுவும் உண்மை. ஆனா ராமசேஸ் செத்தது கிமு 1213ல, அந்த ஓடுங்க கிமு முதல் நூற்றாண்டு, கிபி முதல் நூற்றாண்டை ஒட்டினது, எகிப்துல ரோம் ஆட்சி ஆரம்பிச்ச காலத்தை ஒட்டி. ரெண்டையும் ஒட்டி "பாரோ அரண்மனையில தமிழ் வணிகர்கள்"னு எழுதுனா அந்த ஓட்டுல "பானை ஒறி"னு (உறியில தொங்கவிடுற பானை) எழுதினவரோட நிஜ வாழ்க்கையும் சேர்ந்து தொலைஞ்சு போகுது.

எகிப்தியர்கள் சாவையே நினைச்சு வாழ்ந்தவங்கங்கிறதும் சரியில்ல. கல்லறைங்க பாலைவனத்துல காஞ்சு நின்னுடுச்சு, நைல் ஓரத்துல மண்கல் வீடுங்க கரைஞ்சு போச்சு, நமக்கு மிஞ்சினது சாவு சம்பந்தப்பட்டதா போச்சு, அவ்வளவுதான். விதிவிலக்கா தப்பிச்ச ஊர் தெய்ர் எல் மெதினா, ராஜாக்களோட கல்லறையை வெட்டின தொழிலாளிங்க குடியிருந்த இடம். அங்க கிடைச்ச வருகைக் கணக்குல லீவுக்கு காரணம் தேள் கடி, பீர் காய்ச்சுறது, கண் நோவுனு எழுதியிருக்கு. மூணாம் ராமசேஸோட 29வது ஆட்சி ஆண்டுல கூலி தானியம் வராததால இவங்க வேலையைப் போட்டுட்டு கோயிலாண்ட போய் உக்காந்துட்டாங்க, பசியும் தாகமும்தான் எங்களை இங்க கொண்டு வந்துச்சு, துணி இல்ல, எண்ணெய் இல்ல, மீன் இல்ல, பாரோவுக்கு சொல்லி அனுப்புங்கனு கேட்டாங்க. உலகத்துல பதிவான முதல் வேலைநிறுத்தம்னு இதைத்தான் சொல்றாங்க.

அதே ஊர்ல நௌனக்தேனு ஒரு அம்மா. எகிப்துப் பெண்களுக்கு உரிமையே இல்லனு எழுதுறவங்க இவங்க உயிலைப் பாக்கணும். சாட்சிங்க முன்னாடி போய், நான் சுதந்திரமான பெண், எட்டு பிள்ளைங்களை வளர்த்தேன், இப்போ வயசாயிடுச்சு, என்னைப் பாத்துக்காதவங்களுக்கு என் பங்கு கிடையாது, அப்பன் சொத்துல வேணா வாங்கிக்கட்டும்னு சொல்லியிருக்காங்க. ஒரு மகனுக்கு மட்டும் மத்தவங்களை விட கூடுதலா ஒரு வெண்கலப் பாத்திரம் எழுதி வச்சாங்க.